ஆரணியாற்று வடிநிலமும் செயற்கை மழையும்

மேக விதைப்பு என்பது, வானில் ஏற்கெனவே திரண்டிருக்கும் மேகத்தில் உப்பு, வெள்ளி அயோடைடு, உலர்பனி போன்ற பொருள்களைத் தூவி, அது தரும் மழையின் அளவைக் கூட்ட முயலும் முறையாகும். மக்கள் வழக்கில் இதனைச் செயற்கை மழை என்பர். ஒரு நகரில் ஒரு நாள் மழை பெய்விப்பது இதன் ஒரு பயன். ஒரு ஆற்றின் வடிநிலம் முழுவதிலும் ஆண்டு நீர்வரத்தை உயர்த்துவது இதன் பெரிய நோக்கம். தமிழகத்தில் இந்த நோக்கத்தோடு அதிகம் தொடர்புடைய நிலப்பகுதி திருவள்ளூர் வட்டாரம். ஆரணியாறும் கொசத்தலையாறும் பாயும் இந்தப் பகுதியில் 1970-களில் விமானத்தின் மூலம் மேக விதைப்புச் சோதனைகள் நடந்தன. அந்த வரலாற்றையும், அதிலிருந்து பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களுக்குக் கிடைக்கும் பாடத்தையும் இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

காட்டூரும் அதன் நீர்வழியும்

காட்டூர் திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியின் தென்பகுதியை ஒட்டிய வட்டாரத்தில் உள்ளது. காட்டூர் ஏரியும் அதன் அருகிலுள்ள தத்தைமஞ்சி ஏரியும் இப்பகுதி வயல்களுக்கு நீர் தரும் பழைய பாசன ஏரிகள். அண்மை ஆண்டுகளில் இவ்விரண்டு ஏரிகளையும் இணைத்து ஆழப்படுத்தி ஒரே நீர்த்தேக்கமாக்கும் பணியை அரசு எடுத்துக்கொண்டது.

இந்த ஏரிகளுக்கு நீர் தருவது ஆரணியாறு. ஆந்திர மாநிலத்து மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையைக் கடந்து, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாக வந்து பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. இதற்குத் தெற்கே கொசத்தலையாறு பூண்டி நீர்த்தேக்கம் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை அடைகிறது. இரண்டு ஆறுகளும் பருவ ஆறுகள். மழை பெய்தால் சில நாள்கள் கரைபுரளும்; மற்ற மாதங்களில் மணலாகக் கிடக்கும்.

இவ்வட்டாரத்தின் ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 1,200 மி.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. வங்கக் கடலில் இரண்டு காற்றழுத்தத் தாழ்வுகள் உருவாகிக் கரையை நோக்கி வந்தால் ஏரிகள் நிரம்பும். அவை திசைமாறிப் போனால் அந்த ஆண்டே வறட்சி. சராசரி அளவு நன்றாக இருந்தும் ஆண்டுக்கு ஆண்டு ஏற்றத்தாழ்வு மிகுதியாக இருப்பதே இந்த வடிநிலத்தின் அடிப்படைச் சிக்கல். செயற்கை மழையை நாடத் தூண்டியதும் இதுவே.

மேக விதைப்பின் அறிவியல்

மேகம் என்பது மிக நுண்ணிய நீர்த்துளிகளின் திரள். ஒரு மேகத்துளி மிகச் சிறியது. அதனால் காற்றிலேயே மிதக்கிறது. ஏறத்தாழ பத்து இலட்சம் மேகத்துளிகள் ஒன்று சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. இந்தச் சேர்க்கை இரண்டு வழிகளில் நிகழ்கிறது.

முதலாவது, குளிர்மேக வழி. உயரமான மேகங்களில் வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இறங்கிய பின்னும் நீர்த்துளிகள் உறையாமல் திரவமாகவே இருப்பதுண்டு. இவற்றை மீக்குளிர் துளிகள் என்பர். பனிப் படிகத்தைப் போன்ற அமைப்புடைய ஒரு துகள் கிடைத்தால் அதன்மேல் அவை உறைந்து, பனியாக வளர்ந்து, கனம் தாங்காமல் விழும். வெப்பமான பகுதிக்கு வரும்போது உருகி மழையாகும். வெள்ளி அயோடைடு இத்தகைய துகள்.

இரண்டாவது, வெம்மேக வழி. வெப்பமண்டல நாடுகளில் பல மேகங்கள் உறைநிலைக்கு மேற்பட்ட வெப்பநிலையிலேயே முடிந்துவிடுகின்றன. அங்கே பெரிய துளி கீழே இறங்கும்போது சிறிய துளிகளை மோதி இணைத்துக்கொண்டு வளர வேண்டும். உப்புத் தூள் ஈரத்தை ஈர்த்து விரைவில் பெரிய துளியாகும். ஆகவே இங்கே விதைப்பொருள் சாதாரண உப்பு.

இரண்டு வழிகளுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: ஈரமுள்ள மேகம் முன்பே இருக்க வேண்டும். விதை தூவுவதால் மேகம் பிறப்பதில்லை. உழுது நீர் பாய்ச்சாத நிலத்தில் நெல் வீசினால் நாற்று வராது. மேக விதைப்பும் அப்படித்தான்.

உலக அளவில் தொடக்கம்

1946-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில், நோபல் பரிசு பெற்ற இர்விங் லாங்மியூரின் குழுவில் பணியாற்றிய வின்சென்ட் ஷேஃபர் ஒரு குளிர்பெட்டிக்குள் உலர்பனியைப் போட்டபோது, அதனுள் இருந்த மீக்குளிர் துளிகள் உடனே பனிப்படிகங்களாக மாறுவதைக் கண்டார். அதே ஆண்டு நவம்பர் 13 அன்று விமானத்திலிருந்து ஒரு மேகத்தில் உலர்பனியைத் தூவினார். மேகத்திலிருந்து பனி இறங்கியது. அதே மாதத்தில் அவருடைய சக ஆய்வாளர் பெர்னார்ட் வானகட், வெள்ளி அயோடைடுக்கும் இந்தத் திறன் உண்டு என்று கண்டறிந்தார்.

இந்தச் செய்தி உலகெங்கும் பெரும் நம்பிக்கையை ஊட்டியது. மழை இனி மனிதன் கையில் என்ற பேச்சு எழுந்தது. ஆனால் ஒரு மேகத்தைப் பனியாக்கிக் காட்டுவதும், ஒரு ஆற்றின் ஆண்டு நீர்வரத்தைக் கூட்டியதாக மெய்ப்பிப்பதும் வேறு வேறு. இரண்டாவதற்குப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

இந்தியாவில் முதல் முயற்சிகள்

இந்தியாவில் 1951-இல் டாடா நிறுவனம் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் தரையிலிருந்து வெள்ளி அயோடைடு புகையை எழுப்பி மேகங்களை விதைக்க முயன்றது. மலைமேல் பெய்யும் மழையே அந்நிறுவனத்தின் நீர்மின் நிலையங்களுக்கு ஆதாரம் என்பதால், வடிநிலத்தின் நீர்வரத்தைக் கூட்டும் நோக்கம் நம் நாட்டில் தொடக்கத்திலேயே இருந்தது எனலாம். 1952-இல் வானிலைத் துறையின் முதல் இந்தியத் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வுபெற்ற எஸ். கே. பானர்ஜி, கல்கத்தாவில் ஹைட்ரஜன் பலூன்கள் மூலம் உப்பையும் வெள்ளி அயோடைடையும் மேகத்துக்கு அனுப்பிச் சோதித்தார்.

அதன்பின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றத்தின் முயற்சியால், புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் மழை, மேகம் பற்றிய தனி ஆய்வுப் பிரிவு ஏற்பட்டது. 1957 முதல் 1966 வரை தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் ஆகிய இடங்களில் தரையிலிருந்து உப்புத் தூவும் சோதனைகள் நடந்தன. பிறகு இப்பிரிவு புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. அந்நிறுவனமே பின்னர் திருவள்ளூருக்கு வந்தது.

திருவள்ளூர்ச் சோதனைகள்

1970-களின் தொடக்கத்தில் நாட்டின் பல பகுதிகளில் கடும் வறட்சி நிலவியது. புனே நிறுவனம் விமானத்திலிருந்து உப்புத் தூவும் முறைக்கு மாறியது. மூன்று இடங்களில் சோதனை நடந்தது. உத்தரப் பிரதேசத்தின் ரிஹாண்ட் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 1973, 1974 ஆகிய ஆண்டுகளிலும், மகாராட்டிரத்தின் பாராமதியில் 1973, 1974, 1976 மற்றும் 1979 முதல் 1986 வரையிலும், தமிழ்நாட்டின் திருவள்ளூரில் 1973-இலும் 1975 முதல் 1977 வரையிலும் இச்சோதனைகள் மேற்கொள்ளப்பட்டன.

இவற்றின் முறை கவனிக்கத்தக்கது. எல்லா மேகத்தையும் விதைத்துவிட்டு, மழை பெய்தது என்று சொன்னால் அது சான்றாகாது, விதைக்காமலே பெய்திருக்கலாம். எனவே பாராமதியில் நிலப்பரப்பை மூன்று சமபாகமாகப் பிரித்தனர். வடக்கும் தெற்கும் சோதனைப் பகுதிகள். நடுவில் உள்ளது இடைவெளிப் பகுதி. ஒவ்வொரு நாளும் வடக்கில் விதைப்பதா தெற்கில் விதைப்பதா என்பதைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் முடிவு செய்தனர். இரண்டு பகுதிகளிலும் மழைமானிகள் வைத்து அளந்தனர். நன்றாகப் பொடித்த உப்பு கட்டிபிடிக்காமல் இருக்கச் சிறிதளவு மாக்கல் பொடி கலக்கப்பட்டது.

பாராமதியில் 11 பருவங்கள் இவ்வாறு நடத்தி, விதைத்த பகுதியில் 24 விழுக்காடு கூடுதல் மழை கிடைத்ததாக ஆய்வாளர்கள் அறிவித்தனர். திருவள்ளூரில் நடந்தவை நான்கு பருவங்கள் மட்டுமே. மழையளவு இயல்பாகவே நாளுக்கு நாள் பல மடங்கு மாறுபடும் இடத்தில், ஐந்தில் ஒரு பங்கு அளவிலான கூடுதலைப் பிரித்தறிய நான்கு பருவங்கள் போதா. பத்துக்கும் மேற்பட்ட பருவங்கள் பொறுமையாக நடந்ததால்தான் பாராமதியின் முடிவு இன்றும் பேசப்படுகிறது. திருவள்ளூர் அத்தகைய நீண்ட தொடரைப் பெறவில்லை என்பதே இவ்வட்டாரத்துக்கு நேர்ந்த இழப்பு.

வறட்சியும் அரசின் முயற்சிகளும்

சோதனை என்பது வேறு. அவசரத் தேவைக்காக அரசு நடத்தும் விதைப்பு வேறு. தமிழ்நாடு அரசு 1983-இலும், 1984 முதல் 1987 வரையிலும், 1993-94-இலும் கடும் வறட்சியை முன்னிட்டு மேக விதைப்பில் ஈடுபட்டது. இந்த ஆண்டுகளைச் சென்னையின் குடிநீர் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் பொருள் தெளிவாகும்.

பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளோடு சேர்ந்து அதுவே நகரின் உயிர்நாடி. நகரம் பெருகியபோது இவை போதவில்லை. 1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணி, கொசத்தலை வடிநிலத்தின் நிலத்தடி நீர் ஆராயப்பட்டு, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்றுத் தொகுதிகள் அமைந்தன. கிருஷ்ணா நதிநீருக்கான ஒப்பந்தம் ஆந்திரத்துடன் 1983-இல் கையெழுத்தானது. அந்த நீர் பூண்டியை எட்டியது 1996-இல். இடைப்பட்ட 13 ஆண்டுகளில் வானத்தைத் தவிர வேறு கதியில்லை. அரசு மேக விதைப்பை நாடிய ஆண்டுகள் எல்லாம் இந்த இடைவெளிக்குள்ளேயே அடங்குவதைக் காணலாம்.

வறட்சி நிவாரணமாகச் செய்யப்படும் விதைப்புக்கு இரண்டு குறைகள் எங்கும் உண்டு. ஒன்று, வறட்சி ஆண்டில் விதைக்கத்தக்க மேகமே குறைவு. தேவை மிகும் நேரத்தில் கருவி பயன்படாது. இரண்டு, மக்கள் தாகத்தோடு காத்திருக்கும்போது பாதி மேகங்களை ஒப்பீட்டுக்காக விட்டுவைக்க எந்த அரசாலும் இயலாது. கிடைத்த மேகம் அனைத்தையும் விதைப்பார்கள். மழை பெய்தால் விதைப்பின் வெற்றி என்பார்கள். பெய்யாவிட்டால் மேகம் சரியில்லை என்பார்கள். இரண்டில் எதையும் மறுக்கவோ மெய்ப்பிக்கவோ வழியிராது.

வடிநில அளவில் ஒரு கணக்கு

2009-இல் புனே நிறுவனம் மேகத் துகள்கள் பற்றிய பெரிய ஆய்வுத் திட்டமொன்றைத் தொடங்கியது. அதன் பகுதியாகச் சோலாப்பூரில் நடந்த விதைப்புச் சோதனையின் முடிவு 2023-இல் வெளியானது. விதைத்த இடத்திலிருந்து காற்று செல்லும் திசையில் 100 சதுர கி.மீ. பரப்பில் சராசரியாக 18 விழுக்காடு கூடுதல் மழை கிடைத்தது என்பதும், இவ்வாறு பெற்ற நீரின் செலவு லிட்டருக்கு 18 பைசா என்பதும் அதில் தெரிவிக்கப்பட்டன. இது அண்மைக்கால இந்திய ஆய்வுகளில் முக்கியமானது. இதை ஆரணி, கொசத்தலை வடிநிலத்துக்குப் பொருத்திப் பார்ப்போம்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 100 சதுர கி.மீ. என்பது 10 கோடி சதுர மீட்டர். ஒரு நாள் 20 மி.மீ. பெய்யக்கூடிய மேகத்தை விதைத்து 18 விழுக்காடு கூட்டினால் கிடைப்பது 3.6 மி.மீ., அதாவது 36 கோடி லிட்டர். கன அடியில் சொன்னால் ஏறத்தாழ 12.7 மில்லியன். பூண்டியின் கொள்ளளவில் இது 250-இல் ஒரு பங்கு. சென்னை நகரின் தேவையை நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் என்று கொண்டால், இது எட்டு மணி நேரத் தேவைக்குச் சற்று மேல். அதுவும் ஒரு துளிகூட வீணாகாமல் நீர்த்தேக்கம் வந்தால்தான். உண்மையில் காய்ந்த மண் முதலில் குடிக்கும். பிறகு வெயில் குடிக்கும். எஞ்சியதுதான் ஓடைக்கு வரும்.

செலவையும் ஒப்பிடலாம். லிட்டருக்கு 18 பைசா என்றால் ஆயிரம் லிட்டருக்கு 180 ரூபாய். பழவேற்காட்டுக்கும் எண்ணூருக்கும் இடையே காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் நீருக்கு ஒப்பந்த விலை ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 49 ரூபாய். அந்த நீர் குழாயில் வருகிறது. மழைநீர் காட்டிலும் வயலிலும் விழுகிறது. ஆனால் வயலில் விழும் நீருக்கும் பயன் உண்டு என்பதை மறக்கக் கூடாது. கருகும் பயிருக்கு 3.6 மி.மீ. சிறிய உதவி அன்று. பயிர் காக்கும் உதவியாகப் பார்த்தால் மேக விதைப்புக்கு ஒரு மதிப்பு. நகரின் குடிநீர் ஆதாரமாகப் பார்த்தால் மிகக் குறைந்த மதிப்பு.

வெற்றி கண்ட வடிநிலங்கள்

மேக விதைப்பை வடிநில நீர்வளத் திட்டமாகவே நடத்தும் இடங்கள் உலகில் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றுப் படுகை அவற்றுள் முக்கியமானது. அங்கே மேல்பகுதி மாநிலங்களின் மலைகளில் நடக்கும் விதைப்புக்குக் கீழ்ப்பகுதி மாநிலங்களின் நீர் அமைப்புகளும் பணம் தருகின்றன. வயோமிங் மாநிலத்தில் 2005 முதல் சுமார் பத்தாண்டுகள் நடந்த முன்னோடித் திட்டம், ஏற்ற புயல்களை விதைத்தால் 5 முதல் 15 விழுக்காடு வரை பனிப்பொழிவு கூடலாம் என்று முடிவு சொன்னது. 2017-இல் ஐடஹோ மலைகளில் நடந்த ஆய்வில், விதைத்த கோட்டின் வழியே பனி உருவாகி விழுவதை ரேடார் நேரடியாகக் காட்டியது.

அங்கே ஏன் பயன்படுகிறது? மலை ஒவ்வோர் ஆண்டும் காற்றை மேலே தள்ளித் தவறாமல் மேகத்தை உண்டாக்குகிறது. அந்த மேகத்தில் மீக்குளிர் நீர் நிறைந்திருக்கிறது. விழும் பனி மலைமேலேயே மாதக்கணக்கில் தங்கிக் கோடையில் மெல்ல உருகி ஆற்றுக்கு வருகிறது. மலையே அணையாகிவிடுகிறது. வறட்சிக்குக் காத்திராமல் ஆண்டுதோறும் விதைக்கிறார்கள்; நல்ல ஆண்டில் கிடைத்த கூடுதலைத் தேக்கி வைக்கிறார்கள்.

திருவள்ளூரில் உயர்ந்த மலை இல்லை, பனி இல்லை. வங்கக் கடல் மேகம் வந்தால் ஒரே நாளில் கொட்டும். அப்போது கூடுதல் மழை வேண்டாம் என்ற நிலை. 2015 டிசம்பர் வெள்ளம் அதற்குச் சான்று. மேலும் ஆரணியாற்றின் தலைப்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அங்கே பறந்து விதைத்தால் முதலில் நிரம்புவது பிச்சாட்டூர். கொலராடோவைப் போல இரண்டு மாநிலங்களும் செலவையும் நீரையும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இல்லாமல் இங்கே வடிநிலத் திட்டம் என்பதற்குப் பொருளில்லை.

பழவேற்காட்டு மீனவர்க்கு மழை என்பது

நகரத்தார்க்கு மழை குடிநீர், உழவர்க்குப் பாசனம். பழவேற்காட்டு மீனவர்க்கு அது ஏரியின் உயிர். பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. கடல்நீர் முகத்துவாரம் வழியாக உள்ளே வரும். ஆரணியாறும் வடக்கே காளங்கியாறும் நன்னீர் தரும். இரண்டும் கலந்த அளவில்தான் இறாலும் மடவையும் நண்டும் பெருகும். பருவமழை பொய்த்த ஆண்டில் கோடையில் ஏரி நீர் வற்றிக் கடலை விட உப்பாகும். முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் கடல் மீன் குஞ்சுகள் உள்ளே வர வழியில்லை. மழைவெள்ளம் வேகமாக ஏரிக்கு வந்தால்தான் அந்த மணல்மேடு உடைபடும்.

ஏரியில் இன்ன கிராமத்தார் இன்ன இடத்தில் இன்ன நாளில் வலை வைக்கலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு முறை இங்கே நெடுங்காலமாக உள்ளது. இருக்கும் வளத்தைச் சண்டையின்றிப் பகிர்வதற்கான ஏற்பாடு அது. ஏரிக்கு நன்னீர் வரத்துக் குறைந்தால் பகிர்வதற்கான வளமே குறைகிறது.

இதில் உற்று நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மேல்பகுதியில் மேகத்தை விதைத்து மழையைக் கூட்டினாலும், அந்த நீர் வழியிலுள்ள அணைகளிலும் தடுப்பணைகளிலும் ஏரிகளிலும் தங்கிய பிறகே பழவேற்காட்டுக்கு வரும். வடிநிலத்தின் கடைசிப் பயனாளி மீனவர். எந்தத் திட்டத்தின் கணக்கிலும் அவர் பங்கு தனியே எழுதப்படுவதில்லை. அணைக்குமேல் ஓடிக் கடலுக்குப் போகும் நீரை வீண் என்று எழுதுவது வழக்கம். பழவேற்காட்டில் அது வீண் அன்று, பிழைப்பு.

நிலத்தடியிலும் இதே கதைதான். மீஞ்சூர்ப் பகுதியில் நீர் மிகுதியாக எடுக்கப்பட்டதால், 1969-இல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. வரை இருந்த உவர்நீர் 1983-இல் சுமார் 9 கி.மீ. உள்ளே வந்துவிட்டது. வானத்திலிருந்து ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பெற முயன்ற அதே காலத்தில், மண்ணுக்கடியில் இருந்த நன்னீரை இழந்துகொண்டிருந்தோம்.

மதிப்பீடு

அரை நூற்றாண்டு வரலாற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுக்கலாம். மேக விதைப்பு பொய்யன்று. ஏற்ற மேகத்தில், ஏற்ற முறையில் செய்தால் மழை ஓரளவு கூடுகிறது. ஆனால் அது வறட்சிக்கு மருந்தன்று. மேகம் உள்ள ஆண்டில் கிடைக்கும் கூடுதலைத் தேக்கிவைக்க இடமிருந்தால்தான் அதற்குப் பயன். தேக்கும் இடமோ தூர்ந்த ஏரிகளையும், மணல் அள்ளப்பட்ட ஆற்றுப் படுகையையும், உவர் ஏறிய நிலத்தடியையும் நம்பி இருக்கிறது. 2003-இல் தமிழகம் முழுவதும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு விமானம் எதையும் பறக்கவிடவில்லை. இயல்பாகப் பெய்ததைப் பிடித்து வைத்தது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் ஒரு நடைக்கு 25 இலட்சம் லிட்டர் வீதம் நீர் கொண்டுவர நேர்ந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் அதே நகரம் வெள்ளத்தில் மிதந்தது.

எதிர்காலத்தில் இந்த வடிநிலத்தில் மேக விதைப்பு மீண்டும் தொடங்குமானால், மூன்று செய்திகள் தேவை. அது பஞ்ச காலத்தில் மட்டும் நடக்காமல், திருவள்ளூரில் 1970-களில் தொடங்கியது போன்ற முறையான ஒப்பீட்டுச் சோதனையாகப் பத்து ஆண்டுகளாவது நடக்க வேண்டும். ஆந்திரமும் தமிழகமும் சேர்ந்து நடத்த வேண்டும். கிடைக்கும் நீரைக் கணக்கிடும்போது பூண்டியோடு நிறுத்தாமல், காட்டூர் ஏரியையும் தாண்டிப் பழவேற்காடு முகத்துவாரம் வரை கணக்கிட வேண்டும். ஆறு முடியும் இடத்தில்தான் வடிநிலமும் முடிகிறது.